பந்தாட்டத் தரகும் பெரிய வீட்டுப் பிள்ளைகளும்

இத்தாலி தேசத்திலே 2001-ம் வருஷத்தில் ஒரு புதுக் கம்பெனி தோன்றிற்று. ஜேயா வேர்ல்டு என்பது அதன் பெயர். கால்பந்து ஆட்டக்காரர்களின் சார்பாகக் கிளப்புகளுடன் பேசி, சம்பளத்தையும் ஒப்பந்தக் காலத்தையும் முடித்துக் கொடுத்து, அதற்காகக் கமிஷன் பெறுவது அதன் தொழில். தொழிலில் புதுமையொன்றுமில்லை. ஐரோப்பாவில் அத்தகைய ஏஜண்டுகள் அப்போதே நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். புதுமையெல்லாம் அக்கம்பெனியில் கூடியிருந்தவர்களின் பிறப்பில்தான் இருந்தது. முன்னாள் பிரதம மந்திரி ஒருவரின் குமாரர். தேசத்தின் மிகப் பெரிய கிளப்பை நடத்தி வந்த ஜெனரல் மானேஜரின் குமாரர். கிளப்புகளுக்குக் கடன் கொடுத்து வந்த பாங்கித் தலைவரின் குமாரத்தி. ரோமாபுரியின் லாட்சியோ கிளப்புக்குச் சொந்தக்காரரின் குமாரர். பார்மா கிளப்புக்குச் சொந்தக்காரரின் குமாரத்தி. இவர்களுடன் பிரசித்தி பெற்ற பயிற்சியாளர் ஒருவரின் குமாரரும் சேர்ந்துகொண்டார். அந்த ஜாபிதாவைப் படித்தவர்கள், இது வியாபார ஸ்தாபனத்தின் ஜாபிதாவா, அல்லது பெரிய இடத்துக் கல்யாணப் பத்திரிகையின் அடியில் அச்சிடும் சுற்றத்தாரின் ஜாபிதாவா என்று ஐயுற்றிருந்தால் அது அவர்கள் குற்றமன்று.

இருபது வருஷங்களுக்கு முந்திய கதையை இப்போது ஏன் எடுக்க வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். சர்வதேசக் கால்பந்துச் சங்கமாகிய பீபா, ஏஜண்டுகளைக் கட்டுப்படுத்துவதற்காக 2023-ல் விதிகள் செய்தது. அவ்விதிகளைப் பற்றி நியாயஸ்தலங்களில் எழுந்த வாதங்களில் மிகப் பெரும் பகுதி, கமிஷன் நூற்றுக்கு மூன்றா, ஐந்தா, பத்தா என்பதைப் பற்றியதே. தொகையைப் பற்றிப் பேசுகிறவர்கள், அத்தொகையை வாங்குகிறவர் யாருடைய பிள்ளை என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. இத்தாலியின் அனுபவமோ, இந்த இரண்டாவது கேள்விதான் முந்தியது என்று காட்டுகிறது.

ஏஜண்டு என்பவன் ஆட்டத்துக்கு வந்த விதத்தைச் சற்றுச் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் இத்தாலிய ஆட்டக்காரன் தன் கிளப்புக்குக் கட்டுப்பட்டவன். ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப்பின் சம்மதமின்றி வேறிடம் போக முடியாது. அவனை விற்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். விற்கப்படுகிறவனை யாரும் கேட்பதில்லை. வருஷந்தோறும் மிலான் நகரத்து ஹோட்டல்களில் இந்தச் சந்தை கூடும். சந்தைக்குச் சந்தை தரகர்களும் கூடுவார்கள். 1968-ல் ஆட்டக்காரர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள். 1978-ம் வருஷத்துக் கோடையில் மிலான் மாஜிஸ்திரேட் ஒருவர், கூலிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகைத் தடுக்கும் சட்டம் பந்தாட்டச் சந்தைக்கும் பொருந்தும் என்று போலீசாரை அனுப்பிவிட்டார். வயலுக்கு ஆள் பிடிக்கிறவனுக்கு ஒரு சட்டம், பந்தாட்டத்துக்கு ஆள் பிடிக்கிறவனுக்கு வேறு சட்டமா என்று அவர் நினைத்தார் போலும். கிளப் முதலாளிகள் அலறினார்கள். அந்த அலறலின் முடிவாகவே 1981-ம் வருஷத்து 91-ம் நம்பர் சட்டம் பிறந்தது. ஆட்டக்காரனைக் கிளப்போடு பிணைத்திருந்த தளை அச்சட்டத்தால் நீக்கப்பட்டது. பிறகு 1995 டிசம்பர் 15-ந் தேதி பெல்ஜியத்து ஆட்டக்காரர் போஸ்மான் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன் ஐரோப்பிய யூனியனுக்குள் எந்தக் கிளப்புக்கும் மாற்றுத்தொகையின்றிப் போகலாம் என்றாயிற்று.

இவையெல்லாம் ஆட்டக்காரனுக்குக் கிடைத்த விடுதலை. இதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயமில்லை. ஆனால் விடுதலை பெற்றவனுக்குத் தன் விலையைத் தானே பேசத் தெரிய வேண்டுமே? பதினேழு வயதுப் பையன், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவன், எதிரே வக்கீல்களும் கணக்கர்களும் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் தனியாகப் போய் என்ன பேசுவான்? அவன் காலுக்கு ஆயுள் பத்துப் பதினைந்து வருஷம். அதற்குள் சம்பாதித்தால்தான் உண்டு. ஆகவே ஏஜண்டு அவசியமானான். ஏஜண்டின் கடமை ஒன்றே ஒன்று: மேஜையின் இந்தப் பக்கத்தில், ஆட்டக்காரனுக்கு அருகில், கிளப்புக்கு எதிராக உட்காருவது. அந்த ஏஜண்டின் தகப்பனாரே மேஜைக்கு அந்தப் பக்கத்தில் கிளப்பின் சார்பாக உட்கார்ந்திருந்தால்? ஜேயாவின் கதை முழுவதும் இந்தக் கேள்வியில் அடக்கம்.

முதலில் பிரதம மந்திரியின் வீட்டைப் பார்ப்போம். சிரியாகோ டே மீத்தா என்பவர் தென் இத்தாலியில் அவெல்லினோ ஜில்லாவைச் சேர்ந்த நுஸ்கோ என்னும் மலையூரில் 1928-ல் பிறந்தவர். 1963 முதல், இடையில் சில வருஷங்கள் நீங்கலாக, 2008 வரையில் பார்லிமெண்டு அங்கத்தினராயிருந்தார். 1982-ல் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் காரியதரிசியானார். 1988 ஏப்ரல் முதல் 1989 ஜூலை வரையில் பிரதம மந்திரியாகவும் இருந்தார். கட்சி சிதறி, தலைமுறை மாறிய பிறகும் அவருடைய செல்வாக்கு அந்த ஜில்லாவில் மங்கவில்லை. 2014-ல் பிறந்த ஊருக்கே மேயராகி, 2022 மே மாதத்தில் தொண்ணூற்று நான்காம் வயதில் அந்தப் பதவியிலிருந்தபடியே காலமானார். அவர் கட்சித் தலைவராய் ஓங்கியிருந்த காலத்தில் அவெல்லினோ என்னும் அச்சிறு நகரத்தின் கிளப், 1978 முதல் 1988 வரை பத்து வருஷம், மிலானுக்கும் டூரினுக்கும் சமமாக முதல் வகுப்பில் ஆடியது. 1980 நவம்பரில் பூகம்பத்தால் சிதைந்த ஜில்லா அது. அந்த ஜனங்களுக்குப் பந்தாட்டம் எவ்வளவு பெரிய ஆறுதலாயிருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். அரசியலும் பந்தும் ஒரே தெருவில் வளர்ந்த ஊர் என்று சொன்னால் மிகையாகாது.

இவருடைய குமாரர் ஜுசெப்பே டே மீத்தா, அரசியல் மேடைக்குப் போகாமல் பந்தாட்ட நிர்வாகத்துக்கு வந்தார். (இதே பெயருள்ள வேறொருவர் 2013 முதல் 2018 வரை பார்லிமெண்டில் இருந்தார். அவர் சிரியாகோவின் சகோதரர் குமாரர். இருவரையும் ஒருவராகக் கொள்வது பிழை.) ரோமாபுரியில் ஜெனரல் அத்லெட்டிக் என்றொரு கம்பெனி ஏற்பட்டபோது, அதில் இந்த ஜுசெப்பேயுடன் மூன்று பெரிய குடும்பங்களின் வாரிசுகள் சேர்ந்தார்கள். லாட்சியோ கிளப்பையும் சிரியோ என்ற உணவுப்பண்டக் கம்பெனியையும் நடத்திய செர்ஜோ கிரான்யோத்தியின் குமாரர்; பார்மா கிளப்பையும் பார்மலாட் பால் கம்பெனியையும் நடத்திய கலிஸ்தோ தான்சியின் குமாரத்தி; ரோமாபுரிப் பாங்கியின் தலைவர் சேசரே ஜெரோன்சியின் குமாரத்தி ஆகியோரே அவர்கள். மற்றொரு பக்கத்தில், யூவெண்டஸ் கிளப்பின் ஜெனரல் மானேஜர் லூச்சானோ மோஜியின் குமாரர் அலெஸ்ஸாந்த்ரோ வேறொரு ஏஜண்டுக் கம்பெனியை நடத்தி வந்தார். இரண்டும் கலந்துதான் ஜேயா உண்டாயிற்று. சில வருஷங்களில் ஏறக்குறைய 200 ஆட்டக்காரர்களும் பல பயிற்சியாளர்களும் அதன் கையில் வந்துவிட்டார்கள்.

இவர்களுடைய திறமையினால்தான் இத்தனை பேர் வந்தார்கள் என்று ஒருவர் வாதிக்கலாம். திறமை இல்லை என்று நாமும் சொல்லவில்லை. ஆனால் ஓர் ஆட்டக்காரனின் நிலைமையில் நம்மை வைத்துப் பார்ப்போம். அவன் ஆடும் கிளப்பின் மானேஜர் ஏஜண்டுக்குத் தகப்பனார். வேறு கிளப்புக்குப் போகலாமென்றால், அதன் சொந்தக்காரரும் இன்னொரு கூட்டாளியின் தகப்பனார். ரோமாபுரியின் இரண்டு கிளப்புகளுக்கும் கடன் கொடுத்திருந்த பாங்கியின் தலைவரும் அப்படியே. சரி, சங்கத்திடம் முறையிடலாமென்றால், 2001 முதல் 2006 வரை இத்தாலியக் கால்பந்துச் சங்கத்தின் தலைவராயிருந்த பிராங்கோ கர்ராரோ யார்? முன்னாளில் மந்திரியாகவும் ரோமாபுரியின் மேயராகவும் இருந்தவர். அதே ஜெரோன்சியின் பாங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு பாங்கிக்கும் அவரே தலைவர். விற்கிறவரும், வாங்குகிறவரும், கடன் கொடுக்கிறவரும், தரகரும், நடுவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பரிமாறப்படுகிற பண்டம் ஆட்டக்காரன். அவனிடம் யாரும் வந்து மிரட்ட வேண்டியதில்லை. யாருடைய கையொப்பத்தை எங்கே போட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் இடம் கிடைக்கும் என்பது அவனுக்கே தெரியும். இத்தகைய நிலைமையில் 'நான் இஷ்டப்பட்டு இந்த ஏஜண்டைத் தேர்ந்தெடுத்தேன்' என்று ஒருவன் சொன்னால், அந்த இஷ்டத்துக்கு என்ன மதிப்பு?

வாரிசுகளின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறோம். மந்திரிக்கு மகனாய்ப் பிறந்தது ஒரு குற்றமா? வக்கீல் மகன் வக்கீலாகிறான், வைத்தியர் மகன் வைத்தியராகிறான். பந்தாட்டத்தில் மட்டும் தகப்பன் பெயர் தடையா? இது கேட்கத்தக்க கேள்விதான். நம்முடைய பதில் இது: வக்கீல் மகன் வக்கீலாகலாம், ஆனால் தகப்பன் நீதிபதியாய் வீற்றிருக்கும் கோர்ட்டில் மகன் வக்காலத்து வாங்கக் கூடாது. ஊரெல்லாம் கோர்ட் இருக்கிறது. அந்த ஒன்றைத் தவிர்த்து எங்கும் போகட்டும். டே மீத்தாவின் குமாரர் வேறெந்தத் தொழிலைச் செய்திருந்தாலும் நாம் இந்தப் பத்திகளை வீணாக்கியிருக்க மாட்டோம். தகப்பனாரும் 2001-ல் பிரதம மந்திரியல்ல, வெறும் பார்லிமெண்டு அங்கத்தினரே. ஆனால் இந்தக் கூட்டத்தில் ஒருவரையொருவர் தாங்கிப் பிடிக்கும் விதந்தான் கவனிக்கத்தக்கது. மந்திரி வீட்டின் பழைய பெயர் மரியாதையைத் தரும். பாங்கி வீடு பணத்தைத் தரும். கிளப் வீடு ஆட்டக்காரனைத் தரும். தனித்தனியே பார்த்தால் எதுவும் குற்றமன்று. கூட்டிப் பார்த்தால்தான் வேலி எது, பயிர் எது, மேய்கிற மாடு எது என்று தெரியாமல் போகிறது.

2006-ம் வருஷம் மே மாதத்தில் இந்தக் கட்டடம் சரிந்தது. யூவெண்டஸ் மானேஜர் மோஜி நடுவர்களை நியமிக்கும் அதிகாரிகளுடன் டெலிபோனில் பேசிய பேச்சுகள் பத்திரிகைகளில் வெளிவந்தன. கர்ராரோ ராஜினாமாச் செய்தார், மோஜியும் விலகினார். யூவெண்டஸ் இரண்டு சாம்பியன் பட்டங்களை இழந்து, தன் சரித்திரத்தில் முதல் தடவையாக இரண்டாம் வகுப்புக்கு இறக்கப்பட்டது. அதே வருஷத்தில் ஜேயாவும் கடையைக் கட்டிற்று. கிரான்யோத்தியின் சிரியோ 2002-லேயே கடனைத் திருப்பமாட்டாமல் விழுந்துவிட்டது. தான்சியின் பார்மலாட் 2003 டிசம்பரில் சுமார் 1400 கோடி யூரோ பள்ளத்தோடு விழுந்து, அக்கம்பெனியின் பத்திரங்களை நம்பி வாங்கிய ஆயிரக்கணக்கான சிறு சேமிப்புக்காரர்களைத் தெருவில் விட்டது. தகப்பன்மாரின் பெயரை மூலதனமாகக் கொண்ட கம்பெனிக்குத் தகப்பன்மாரே போன பிறகு என்ன மிஞ்சும்?

நியாயஸ்தலத்தில் நடந்ததை உள்ளபடியே சொல்ல வேண்டும். நமது அபிப்பிராயம் எதுவாயினும் தீர்ப்பைத் திரித்துச் சொல்லும் உரிமை நமக்கில்லை. ஜேயாவின் சம்பந்தமாக ரோமாபுரியில் ஆறு பேர் மீது விசாரணை நடந்தது. குற்றம் செய்வதற்காகவே கூடிய சதிக்கூட்டம் என்று பிராசிகியூஷன் தரப்பில் வாதித்தார்கள். 2009 ஜனவரியில் கோர்ட் அந்த வாதத்தை ஏற்கவில்லை. நான்கு பேரை அடியோடு விடுவித்தது. பயிற்சியாளரின் குமாரரும் விடுதலையானவர்களில் சேர்ந்தவர். மோஜி தகப்பனும் மகனும் மட்டும் சில ஆட்டக்காரர்களை நிர்ப்பந்தப்படுத்திய குற்றத்துக்காக முறையே ஒன்றரை வருஷமும் ஒரு வருஷம் இரண்டு மாதமும் தண்டனை பெற்றார்கள். 2011-ல் மேல் கோர்ட் இத்தண்டனைகளை ஒரு வருஷமாகவும் ஐந்து மாதமாகவும் குறைத்தது. அப்பால் வழக்கு உச்ச கோர்ட்டுக்குப் போய், சட்டம் விதித்த கால எல்லை கடந்துவிட்டபடியால் தண்டனை நிலைக்காமல் முடிந்தது. சிறைக்கு யாரும் போகவில்லை.

இதைக் கொண்டு, 'பார்த்தீர்களா, எல்லாம் புகை. நெருப்பே இல்லை' என்பார் உண்டு. நாம் அவ்விதம் கருதவில்லை. கிரிமினல் கோர்ட் கேட்கிற கேள்வி, இன்னார் இன்னாரை இன்ன தேதியில் மிரட்டினாரா என்பது. மிரட்டலுக்கே அவசியமில்லாதபடி அமைந்துவிட்ட ஓர் ஏற்பாட்டை எந்தப் பீனல் கோடும் பிடிக்காது. சதியில்லை என்று கோர்ட் சொன்னதை நாம் அப்படியே ஒப்புக்கொள்கிறோம். சதியில்லாமலே இத்தனையும் நடக்கக்கூடியதாயிருந்தது என்பதுதான் நமக்கு அதிக விசாரத்தைத் தருகிறது.

இந்த ஏற்பாட்டினால் கெட்டவர்கள் மட்டுமா கெட்டார்கள்? மார்சேல்லோ லிப்பியை எடுத்துக்கொள்வோம். இத்தாலிய தேசிய அணியின் பயிற்சியாளர். அவருடைய குமாரர் ஜேயாவில் இருந்தார். 2006-ல் புயல் அடித்தபோது, தேசிய அணிக்கு ஆட்டக்காரர்களைப் பொறுக்கியதில் அக்கம்பெனிக்குச் சலுகை உண்டா என்ற கேள்வி எழுந்தது. அவர் பதவி விலக வேண்டுமென்று சிலர் கூச்சலிட்டார்கள். லிப்பி விலகாமல் ஜெர்மனிக்குப் போனார். ஜூலை 9-ந் தேதி பெர்லினில் பிரான்சை வென்று உலகக் கோப்பையோடு திரும்பினார். கோப்பை வந்ததும் கூச்சல் அடங்கிற்று. ஆனால் அந்தக் கோப்பை வராமற்போயிருந்தால்? பந்து ஒரு அங்குலம் விலகி வெளியே போயிருந்தால், அந்த மனிதர் நேர்மையாகச் செய்த ஒவ்வொரு தேர்வும் மகனுக்காகச் செய்ததென்றே ஊர் பேசியிருக்கும். அவர் வாயைத் திறந்து மறுக்கவும் வழியிராது. நல்லவனுடைய நல்ல பெயரைக்கூட ஒரு பெனால்டி உதையின் தயவில் விட்டுவைக்கிற நிலைமை இது. ஜேயாவில் சேராத மற்ற ஏஜண்டுகளையும், அவர்களை நம்பியிருந்து மைதானத்துக்கு வெளியே பெஞ்சியில் உட்கார்ந்த ஆட்டக்காரர்களையும் பற்றிப் பத்திரிகைகள் அவ்வளவாக எழுதவில்லை. அவர்களில் பலருடைய பெயர் யாருக்கும் நினைவில்லை. அந்தப் பத்துப் பதினைந்து வருஷ ஆயுளில் மூன்று நான்கு வருஷம் போனால் போனதுதான்.

பின்னால் வந்த சீர்திருத்தங்களின் போக்கு விசித்திரமானது. 1990-களில் ஏஜண்டுகளுக்கு லைசென்ஸ் முறை ஏற்படுத்திய பீபா, 2015 ஏப்ரல் முதல் அந்த லைசென்ஸையே எடுத்துவிட்டது. பரீட்சையில்லை, தகுதியில்லை, யார் வேண்டுமானாலும் இடைத்தரகராகலாம் என்றாயிற்று. ஆட்டக்காரனின் மாமன், மைத்துனன், சலூன்காரன் எல்லாரும் ஏஜண்டானார்கள். இத்தாலி 2017 டிசம்பரில் செய்த சட்டத்தினால் தன் அளவில் பரீட்சையையும் பதிவேட்டையும் திரும்பக் கொண்டுவந்தது. இது மெச்சத்தக்க காரியம். பீபாவும் பிறகு கண் விழித்து, 2023-ல் லைசென்ஸையும் பரீட்சையையும் மீண்டும் ஏற்படுத்தி, கமிஷனுக்கும் எல்லை வகுத்தது. ஆட்டக்காரனின் சம்பளம் வருஷத்துக்கு 2,00,000 டாலர் வரையில் நூற்றுக்கு ஐந்து. அதற்கு மேற்பட்ட தொகையில் நூற்றுக்கு மூன்று. அந்த ஒரே வருஷத்தில் சர்வதேச மாற்றங்களில் கிளப்புகள் ஏஜண்டுகளுக்குக் கொடுத்த தொகை 88 கோடி டாலருக்கு மேல் என்று பீபாவே கணக்கு வெளியிட்டது. ஏஜண்டுகள் சும்மா இருப்பார்களா? ஜெர்மனியில் தடையுத்தரவு வாங்கினார்கள். இங்கிலாந்தில் பஞ்சாயத்து மன்றம் கமிஷன் எல்லை செல்லாதென்றது. கேள்விகள் ஐரோப்பிய யூனியன் நீதிமன்றம் வரையில் போயின. 2023 டிசம்பர் 30-ந் தேதி பீபா முக்கியமான விதிகளை உலகமெங்கும் நிறுத்தி வைத்தது.

கமிஷனைக் குறைப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் ஜேயா நூற்றுக்கு மூன்று மட்டும் வாங்கியிருந்தால் அந்த ஆட்டக்காரனுக்கு என்ன லாபம் ஏற்பட்டிருக்கும்? அவனுக்கு வேண்டியிருந்தது மலிவான ஏஜண்டல்ல. தன் பக்கத்து ஏஜண்டு. ஆகவே கோர்ட்டுகளின் முடிவு எவ்விதமாயினும், கமிஷன் எல்லையைச் சாராத சில காரியங்களை ஒவ்வொரு தேசத்துச் சங்கமும் செய்ய வேண்டுமென்று நாம் வற்புறுத்துகிறோம். லைசென்ஸ் பெறும் ஒவ்வொரு ஏஜண்டும், அவன் கம்பெனியில் பங்குள்ள ஒவ்வொருவரும், தம் தாய் தகப்பன், கணவன் மனைவி, உடன்பிறந்தார், மக்கள் ஆகியோரில் யாராவது கிளப்பிலோ, சங்கத்திலோ, கிளப்புக்குக் கடன் கொடுத்த பாங்கியிலோ, சர்க்கார் பதவியிலோ இருந்தால் அதைப் பதிவேட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பதிவேடு பூட்டிய அலமாரியில் இல்லாமல் யாரும் பார்க்கக்கூடியதாயிருக்க வேண்டும். உறவினர் ஆளும் கிளப்போடு அந்த ஏஜண்டு ஒப்பந்தம் பேசினால் அந்த ஒப்பந்தத்தில் கமிஷன் பெறும் உரிமை அவனுக்கு இருக்கக்கூடாது. ஏஜண்டை மாற்றும்படி தன்னை யாராவது நெருக்கினால், ஆட்டக்காரன் கிளப்பையும் சங்கத் தலைவரையும் தாண்டி ஆட்டக்காரர் சங்கத்திடம் நேரே புகார் செய்ய வழியிருக்க வேண்டும். புகார் முடிகிற வரையில் அவனை மைதானத்திலிருந்து ஒதுக்கி வைப்பதற்குக் கிளப் காரணம் சொல்லியாக வேண்டும். 1978-ல் மிலான் மாஜிஸ்திரேட் ஹோட்டலுக்குப் போலீசை அனுப்பியபோது பந்தாட்டமே நின்றுபோய்விடும் என்றார்கள். நிற்கவில்லை, மூன்று வருஷத்தில் சட்டந்தான் வந்தது. இந்தப் பதிவேட்டைக் கேட்டாலும் அதே அலறல் எழும். அதற்காகச் சங்கங்கள் தயங்க வேண்டியதில்லை.